டைனமோ உள்ள பழைய காருக்கு எந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் பாதுகாப்பானது?

மைனர்_62

வணக்கம். என் வண்டி 1962 மாரிஸ் மைனர். லூகாஸ் சி40 டைனமோ (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தருவது), ஆர்பி106/2 ரெகுலேட்டர் (அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்தது). பாடி முழுக்கப் பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு பேட்டரியில் தண்ணீர் வேகமாகக் குறைகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால் ஆசிட் நெடி மூக்கைத் துளைக்கிறது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து பேட்டரி முனையில் பார்த்தால் 15.6 வோல்ட்.

ரெகுலேட்டரை மாற்ற முடிவு செய்துவிட்டேன். மூன்று யோசனைகள் கிடைத்தன. அதே வடிவத்தில் புதிய மெக்கானிக்கல் ரெகுலேட்டர் ஒன்று. பழைய பெட்டிக்குள்ளேயே வைக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இன்னொன்று. பைக்கில் வரும் 12 வோல்ட் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரைப் போட்டால் போதும், அதுவும் 12 வோல்ட்தானே என்கிறார் மூன்றாமவர். எது பாதுகாப்பு? சார்ஜ் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிப்பேன், வண்டி தீப்பிடிக்கக் கூடாது.

செம்புக்கம்பி

மூன்றாவது யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள் சார். பைக் மேக்னெட்டோவில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதன் உற்பத்தியைக் குறைக்க வழியில்லாததால், பெரும்பாலான பைக் ரெகுலேட்டர்கள் உபரி மின்சாரத்தை ஷார்ட் செய்து வெப்பமாகக் கழிக்கின்றன. உங்கள் டைனமோவில் காந்தமே ஃபீல்டு காயிலால் உருவாகிறது. அந்தக் காயிலுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. பைக் பெட்டியில் ஃபீல்டு வயரை மாட்ட இடமே கிடையாது. டைனமோ அவுட்புட்டை அதில் கொண்டுபோய்க் கட்டினால் ஆர்மேச்சர் (டைனமோவுக்குள் சுழலும் காயில்) கருகக்கூடும்.

மற்ற இரண்டில் எதையும் வாங்கும் முன் ஒரு அளவு எடுங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் இ (எர்த்) டெர்மினலிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (கிளாம்ப் மேல் அல்ல, ஈயக் குமிழ் மேலேயே) வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். புதுப் பெயின்ட் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது. ரெகுலேட்டர் தனக்கும் எர்த்துக்கும் நடுவே தெரியும் வோல்டேஜைத்தான் கட்டுப்படுத்தும். அந்த எர்த் அரை வோல்ட் தள்ளி நின்றால் பேட்டரிக்கு அரை வோல்ட் அதிகம் போகும், ரெகுலேட்டருக்கு அது தெரியவே தெரியாது.

மைனர்_62

பார்த்தேன் சார். 0.7 வோல்ட் காட்டியது! இ வயர் போய்ச் சேரும் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. நூல் மரையின் ஓரத்தில் மட்டும் உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கிறது. ஹாரன் எர்த்தும் இன்னொரு கறுப்பு வயரும் அதே போல்ட்டில்தான். பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினேன். இப்போது 0.05. பேட்டரி முனையில் 14.9.

15.6 இறங்கியது சந்தோஷம். ஆனால் 14.9-உம் அதிகம்தானே? அப்படியானால் ரெகுலேட்டரும் பழுதா?

பழைய எஞ்சின்

பழுது என்று இப்போதே முடிவு கட்டாதீங்க தம்பி. ஆர்பி106-இல் இரண்டே காயில். ஒன்று கட்-அவுட் (டைனமோ வோல்டேஜ் போதுமானபோது மட்டும் அதை பேட்டரியோடு இணைக்கும் சுவிட்ச்), இன்னொன்று வோல்டேஜ் ரெகுலேட்டர். கரண்ட் கூடினால் வோல்டேஜ் தானாகத் தாழும்படி ரெகுலேட்டர் காயில் மேலேயே கனமான சில சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதனால்தான் பேட்டரியைப் பிரித்து வைத்து எடுக்கும் செட்டிங் 20 டிகிரி வெப்பத்தில் 16 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மேனுவலில் அதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து 14-க்குத் திருகிவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் லைட் போட்டால் சார்ஜே ஏறாது. சார்ஜ் நிறைந்த பேட்டரியோடு, லோடு இல்லாமல் பார்த்தால் இந்த ரெகுலேட்டர் கொஞ்சம் உயரத்தான் காட்டும். வெயிலில் ஓட்டிப் பெட்டி சூடான பிறகு மறுபடி பாருங்க. உள்ளே இருக்கும் வெப்ப ஈடு ஸ்பிரிங் அதைக் கொஞ்சம் இறக்கும்.

பாயின்ட்டை (தொட்டுத் தொட்டுப் பிரியும் உலோக முனைகளை) சுத்தம் செய்திருக்கிறீர்களா? ரெகுலேட்டர் பாயின்ட்டை மெல்லிய கார்போரண்டம் கல்லாலோ சிலிக்கன் கார்பைடு தாளாலோ தேய்க்கலாம். கட்-அவுட் பாயின்ட் மென்மையானது. அதை மெல்லிய கண்ணாடித் தாளால் மட்டும் தொடணும், எமரி ஆகவே ஆகாது. தேய்த்த பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியை இடையில் இழுத்து எடுங்க. துகள் ஒன்று தங்கினாலும் பாயின்ட் ஒட்டும்.

செட்டிங் பார்க்கும்போது ஏ, ஏ1 வயர்களைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்துவிட்டு (அப்போதுதான் இக்னிஷனுக்கு பேட்டரி கிடைக்கும்), டி-க்கும் (டைனமோ அவுட்புட்) இ-க்கும் நடுவே மீட்டர். வேகத்தை மெதுவாக ஏற்றுங்க, முள் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். எல்லாவற்றையும் 30 நொடிக்குள் முடிக்கணும், அதற்கு மேல் போனால் காயில் சூடாகிக் கணக்கு மாறிவிடும். முள் மீட்டர் இருந்தால் நல்லது. பாயின்ட் அதிர்ந்துகொண்டே இருப்பதால் மலிவு டிஜிட்டல் மீட்டரில் எண்கள் நிலையில்லாமல் குதிக்கும்.

என் வோட்டு பழைய மெக்கானிக்கல் ரெகுலேட்டருக்குத்தான். திறந்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் சரி செய்யலாம். கெட்டுப்போவதும் படிப்படியாகத்தான்.

ஆம்பியர்

ஐயா சொன்ன கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. மெக்கானிக்கலும் ஒரே நொடியில் கெடும். வோல்டேஜ் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் ஃபீல்டுக்கு முழுக் கரண்டும் போகும், டைனமோ கட்டுப்பாடே இல்லாமல் ஏறும். கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். எஞ்சினை அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஆர்மேச்சருக்குள் பாயும். டைனமோ மோட்டாராகச் சுழலப் பார்க்கும், பெல்ட் பிடித்திருப்பதால் சுழல முடியாமல் சூடேறும். வண்டியை ஷெட்டில் விட்டுப் பூட்டிய பிறகு வரும் புகை பல நேரம் இதனால்தான்.

அதனால் ஒவ்வொரு ரெகுலேட்டரையும் கையில் எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: இது கெட்டால் எந்தப் பக்கம் கெடும்? சார்ஜ் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முழு ஃபீல்டில் மாட்டிக்கொண்டால் பேட்டரி கொதிக்கும், ஹைட்ரஜன் வெளியேறும், பல்புகள் போகும், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதுவும் போகும்.

எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபீல்டை ஓட்டும் டிரான்சிஸ்டர் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். பாயின்ட் ஒட்டியதும் இதுவும் ஒரே விளைவுதான். ஆகவே "எலக்ட்ரானிக் என்றாலே பாதுகாப்பு" என்பது தவறு. மைனர் சார், விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவை. பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்ததா? நெகட்டிவ் எர்த் யூனிட்டைத் தலைகீழாக மாட்டினால் உடனே செத்துவிடும். ரிவர்ஸ் கரண்ட்டை உள்ளேயே தடுக்கிறதா, அல்லது பழைய கட்-அவுட்டை நம்பியிருக்கிறதா? கரண்ட் வரம்பு எத்தனை ஆம்பியர்? சி40-க்கு 22. சி39 போட்ட முந்தைய மைனர்கள் அதைவிடக் குறைவு, அவற்றில் 22 ஆம்பியர் யூனிட் மாட்டினால் டைனமோதான் பலி. ஓவர்வோல்டேஜ் வந்தால் ஃபீல்டைத் துண்டிக்கும் தனிச் சுற்று இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

வாங்கும் முன் டைனமோவின் ஃபீல்டு காயில் ரெசிஸ்டன்ஸையும் அளந்துவிடுங்கள். எஃப் (ஃபீல்டு) டெர்மினலுக்கும் டைனமோ பாடிக்கும் நடுவே 6 ஓம் அளவில் காட்ட வேண்டும். அப்போது ஃபீல்டு கரண்ட் 2 ஆம்பியர் சுற்றி. 3, 4 ஓம் காட்டினால் காயிலுக்குள் ஷார்ட். அந்த டைனமோவில் எந்தப் புது ரெகுலேட்டரைப் போட்டாலும் எரியும், பழி ரெகுலேட்டர் மேல் விழும்.

பழைய எஞ்சின்

ஆம்பியர் தம்பி சொல்வது சரிதான். கட்-அவுட் ஒட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சும்மா ஒட்டாது. ஹாலஜன், ஃபேன், மொபைல் சார்ஜர் என்று லோடு ஏற்றிக்கொண்டே போய் பாயின்ட் வழியாக அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் ஒட்டும். ரேடியோ இரைச்சலைக் குறைக்க எஃப் டெர்மினலில் கண்டென்ஸர் போட்டாலும் பாயின்ட் கருகும். கண்டென்ஸர் வைப்பதானால் டி-யில்தான், எஃப்-இல் ஒருபோதும் கூடாது. கட்-அவுட் செட்டிங்கையும் பாருங்க. 12.7-இலிருந்து 13.3-க்குள் மூடணும், வோல்டேஜ் இறங்கும்போது 8.5-க்கும் 11-க்கும் நடுவில் திறந்துவிடணும்.

மைனர்_62

ஃபீல்டு 5.9 ஓம். லோடையும் கணக்குப் போட்டேன்: ஹாலஜன் இரண்டும் சேர்த்து 120 வாட், சுமார் 10 ஆம்பியர். பின் லைட், பார்க்கிங் லைட் 2. இக்னிஷன் 4. வைப்பர் 3. மொத்தம் 19. 22-இல் மிச்சம் 3 ஆம்பியர்தான் பேட்டரிக்கு. சரியா?

செம்புக்கம்பி

கணக்கு சரி. அந்த 22-உம் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டும். ஐட்லிங்கில் டைனமோ கட்-இன் ஆவதே இல்லை, சிவப்பு லைட் மின்னும். அது பழுது அல்ல. மழையில், இரவில், நெரிசலில் நின்று நின்று போனால் எந்த ரெகுலேட்டர் போட்டாலும் பேட்டரி இறங்கத்தான் செய்யும். இல்லாத கரண்ட்டை ரெகுலேட்டரால் உண்டாக்க முடியாது. ஹெட்லைட்டுக்கு நல்ல எல்.இ.டி போட்டால் 5, 6 ஆம்பியர் மிச்சமாகும், ஆனால் பாசிட்டிவ் எர்த்தில் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டுக்காரன்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பாஷ் டைனமோ, 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றப் போகிறேன். 12 வோல்ட் டைனமோ கிடைத்துவிட்டது. நண்பரிடம் உபரியாக இருக்கும் லூகாஸ் வகை 12 வோல்ட் ரெகுலேட்டரை அதில் போடலாமா?

ஆம்பியர்

போடவே கூடாது. நல்ல வேளை மாட்டும் முன் கேட்டீர்கள். லூகாஸ் டைனமோவில் ஃபீல்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த். ரெகுலேட்டர் டி-யிலிருந்து எஃப்-க்குக் கரண்ட் கொடுத்துக் கட்டுப்படுத்தும். பீட்டிலின் பாஷ் டைனமோவில் ஃபீல்டின் ஒரு முனை உள்ளே டி பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கும், மறுமுனை டி.எஃப். ரெகுலேட்டர் டி.எஃப்-ஐ எர்த் செய்துதான் ஃபீல்டை ஓட்டுகிறது. இரண்டும் நேர் எதிர். அமெரிக்க டைனமோக்களிலும் இதே இரண்டு வகை உண்டு: டெல்கோ-ரெமியில் ஃபீல்டு ரெகுலேட்டரில் எர்த் ஆகும், ஃபோர்டில் டைனமோவுக்குள்ளேயே எர்த்.

இதனால் டெஸ்ட் செய்யும் முறையும் மாறுகிறது. லூகாஸில் இரண்டு வயரையும் டைனமோவிலிருந்து கழற்றி, டி-யையும் எஃப்-ஐயும் சேர்த்து, பாடிக்கு மீட்டர் வைத்து மெதுவாக ரேஸ் செய்வோம். 20 வோல்ட்டைத் தொட விடக் கூடாது. பாஷில் டி.எஃப்-ஐ எர்த் செய்துவிட்டு டி பிளஸ்ஸில் பார்ப்போம். ஒன்றின் பழக்கத்தை மற்றதில் காட்டினால் ஆபத்து.

மின்னியல்_வாத்தியார்

வோல்டேஜ் எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பேட்டரியிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். சாதாரண ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட். ஓட்டத்தில் 13.8 முதல் 14.4 வரை அதற்கு ஏற்றது. 14.4-ஐத் தாண்டத் தாண்டத் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிவது அதிகமாகும். மூடி திறக்கும் பேட்டரியில் நீங்கள் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாம். மூடியே திறக்காத பேட்டரியில் போன தண்ணீர் போனதுதான். அந்தக் காலத்து ரெகுலேட்டர் செட்டிங் அந்தக் காலத்து பேட்டரிக்கானது. வாரம் ஒருமுறை தண்ணீர் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்து வைத்தது. ஆகவே மைனர் நண்பரின் 14.9 அந்த ரெகுலேட்டருக்கு இயல்பாகவே இருந்தாலும் இன்றைய பேட்டரிக்கு நல்லதல்ல.

வெப்பம் இன்னொரு விஷயம். பேட்டரி சூடாக இருந்தால் குறைந்த வோல்டேஜே போதும், 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 20 டிகிரி கூடினால் அரை வோல்ட் ஆகிவிடுகிறது. பழைய மெக்கானிக்கலில் இந்த ஈடு இருக்கிறது என்பதைப் பெரியவர் சொன்னார். எலக்ட்ரானிக் வாங்கும்போது இதையும் கேளுங்கள். ஒரே எண்ணில் நிற்கும் யூனிட்டானால் 14.2 அளவில் செட் செய்தது வெயில் நாட்டுக்கு ஏற்றது.

எடை குறையும் என்று லித்தியம் பேட்டரி போடுவதை டைனமோ வண்டியில் செய்ய வேண்டாம். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, கொடுக்கும் கரண்ட் முழுவதையும் உறிஞ்சும். தனிக் கரண்ட் காயில் இல்லாத ஆர்பி106 போன்றவற்றில் டைனமோ நெடுநேரம் தன் சக்திக்கு மேல் உழைத்துச் சூட்டில் கமுட்டேட்டர் (ஆர்மேச்சரின் செம்புத் தொடுபரப்பு) சால்டர் உருகித் தெறிக்கும்.

சாலை_ராணி

என் வண்டி 1966 எம்ஜிபி. அதில் மூன்று காயில் உள்ள ஆர்பி340, கரண்டுக்குத் தனிக் காயில். ஆனால் என் பிரச்சினை வேறு: பெட்ரோல் மீட்டர் உயர்த்திக் காட்டுகிறது. ரெகுலேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

செம்புக்கம்பி

வேண்டாம் மேடம், அதற்கும் சார்ஜிங் ரெகுலேட்டருக்கும் சம்பந்தமில்லை. 1960-களின் பல பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். மீட்டர்களுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுப்பது அதன் வேலை. உள்ளே இரட்டை உலோகப் பட்டை விட்டு விட்டுத் தொடும். அதன் எர்த் போய்விட்டால் முழு 12-உம் மீட்டருக்குப் போகும், முள் உயரும். முதலில் எர்த்தைப் பாருங்கள். டப்பாவையே எலக்ட்ரானிக்காக மாற்றுவதானால் உங்கள் வண்டியின் எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லி வாங்குங்கள்.

நெடுஞ்சாலை

இவ்வளவு தொல்லை எதற்கு? டைனமோவைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டர் போட்டுவிடுங்கள். ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏறும்.

பழைய எஞ்சின்

தினமும் இரவில் ஓட்டுகிற வண்டிக்கு அது நியாயமான வழி, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றணும். அம்மீட்டர் இருந்தால் அதன் வயரை மாற்றிப் போடணும், இக்னிஷன் காயில் முனைகளை மாற்றணும். 22 ஆம்பியருக்குப் போட்ட வயரில் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் வயர் சூடாகும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிவரை புது வயர் கட்டாயம். வார்னிங் லைட்டுக்கு எல்.இ.டி போடாதீங்க. பல ஆல்டர்னேட்டர்களுக்கு அந்த 2.2 வாட் பல்பு வழியாக வரும் கரண்ட்தான் முதல் தூண்டல். எல்.இ.டி போட்டால் சார்ஜ் தொடங்காமலே நிற்கும்.

மைனர்_62

வண்டியை அசலாக வைத்திருக்கத்தான் ஆசை, டைனமோவே இருக்கட்டும். பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த, 22 ஆம்பியர் வரம்பும் ஓவர்வோல்டேஜ் துண்டிப்பும் உள்ள எலக்ட்ரானிக் யூனிட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பழைய ரெகுலேட்டரைச் சுத்தம் செய்து டிக்கியில் வைத்துக்கொள்வேன். மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆம்பியர்

நல்ல தேர்வு. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் எந்த டெர்மினல் என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். டி-யும் எஃப்-உம் மாறினால் போச்சு. டைனமோவைக் கழற்றாததால் மறுபடி போலரைஸ் செய்ய (அதன் காந்தத்தை வண்டியின் எர்த்துக்கு ஏற்ப அமைக்க) தேவையில்லை.

பேட்டரிக்குப் பக்கத்தில் சார்ஜிங் வயரில் ஒரு ஃபியூஸ் போடுங்கள், மைனரில் அந்த வயருக்கு ஃபியூஸே கிடையாது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான், 22-க்குப் போதாது. இன்றைய பிளேடு ஃபியூஸ் 30 ஆம்பியர் போடுங்கள். பேட்டரியைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சும் வைத்துவிட்டால் ஷெட்டில் விடும்போது நிம்மதி.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா" என்று பார்க்கும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் உண்டு. யாரையும் செய்ய விடாதீர்கள். பேட்டரி என்ற தாங்கி போனதும் வோல்டேஜ் எகிறும், எலக்ட்ரானிக் யூனிட் அதைத் தாங்காது. மெயின் சுவிட்சையும் அதே காரணத்தால் ஓட்டத்தில் தொடக் கூடாது.

மாட்டியபின் எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து, லைட் இல்லாமல் ஒருமுறை, எல்லா லைட்டும் போட்டு ஒருமுறை பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே நின்றால் சரி. லைட் போட்டதும் 13-க்குக் கீழே போனால் ஏ டெர்மினலுக்கும் பேட்டரிக்கும் நடுவே எவ்வளவு இழப்பு என்று பாருங்கள், 0.2-க்கு மேல் இருந்தால் கனெக்ஷன் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

வண்டுக்காரன்

வழியில் திடீரென்று வோல்டேஜ் ஏறிவிட்டால் என்ன செய்வது? வெளியூர் போகும்போது இந்தப் பயம் உண்டு.

ஆம்பியர்

15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஹெட்லைட்டைப் போட்டு லோடு கொடுத்தபடி ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். லூகாஸ் டைனமோவானால் எஃப் வயரை டைனமோவிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். ஃபீல்டு இல்லாமல் டைனமோ தரக்கூடியது 2, 3 வோல்ட்தான், சார்ஜ் நின்றுவிடும். பீட்டிலில் கழற்ற வேண்டியது டி.எஃப் வயர். ஆனால் டைனமோ பக்கமிருந்து வரும் அந்த முனை பாடியில் பட்டால் அதுவே முழு ஃபீல்டு ஆகிவிடும், டேப் சுற்றாமல் விடாதீர்கள். நல்ல பேட்டரியானால் பகலில் இக்னிஷனை மட்டும் அது சில மணி நேரம் தாங்கும்.